வியாழக்கிழமை மீனுக்கு எதிர்ப்பதிவு

ஜனவரி 6

சிஸ்டர் அசுந்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதில் எனக்கு வந்த வினை இது. அவரை மதுரை மடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மாணவியர் விடுதிக் கணக்கை இனி நான் பார்க்க வேண்டுமாம். நான் படித்தது நர்சிங். ஏழு வருடமாக இந்த மடத்தில் மருந்து அறையைத் தவிர வேறெதிலும் தலையிட்டதில்லை. "எனக்குத் தெரிந்த கணக்கு காய்ச்சல் அட்டவணை மட்டும்தான்" என்று மதரிடம் சொன்னேன். "கீழ்ப்படிதல்னு ஒரு வார்த்தைப்பாடு குடுத்திருக்கோமே சிஸ்டர் பெனடிக்டா" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அந்த வார்த்தைப்பாட்டை எடுத்து என் தலையில் போடாத மதர் ஒருவர்கூட இல்லை.

மாலையில் எங்கள் சபையின் மாகாணப் பொருளாளர் சிஸ்டர் கொர்னேலியா போனில் வந்தார். எம்.காம். படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். விடுதி மூன்று வருடமாக நஷ்டத்தில் ஓடுகிறது, ஏப்ரல் கூட்டத்தில் மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் என்றார். "உருக்கமான லெட்டர் எல்லாம் வேண்டாம் சிஸ்டர். ஒழுங்கான கணக்கு அனுப்புங்க. இரட்டைப் பதிவு முறையில."

இரட்டைப் பதிவு என்றால் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8

விடுதியில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் கடற்கரை, மீதி உப்பளத்துப் பக்கம். அவர்களில் பெர்சிலா பி.காம். முதலாண்டு படிக்கிறாள். அவளுடைய நிதிநிலைக் கணக்கியல் புத்தகத்தைக் கேட்டேன். செங்கல் கனம். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு அந்த வகுப்பு, அந்த நாட்களில் புத்தகம் அவளுக்கு. மற்ற நாட்களில் எனக்கு. "கிழிச்சிராதீங்க சிஸ்டர், பழைய புஸ்தகக் கடையில திருப்பிக் குடுக்கணும்" என்றாள். என்னைப் பார்த்தால் புத்தகம் கிழிக்கிறவளாகவா தெரிகிறது?

"நீங்களும் தாழைத்துறைதானே சிஸ்டர்? எங்க ஊரு. யாரு வீடு?"

அங்கே எனக்கு வீடு இல்லை என்றேன். போய்ப் படிக்கச் சொன்னேன்.

ஜனவரி 11

மூன்று வகைக் கணக்கு. ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய். உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே போவதை வரவு செய்.

ரொக்கம் உள்ளே வந்தால் அது பற்றாம்! பிறந்ததிலிருந்து வந்தது வரவு, போனது செலவு என்று இருந்த தலையில் இது ஏறமாட்டேன் என்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு மருந்து அறைக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரைகளை எண்ணி வைத்தேன். மாத்திரைகள் உள்ளே வந்தால் வந்ததுதான்.

ஜனவரி 15

பயிற்சிக் கணக்குகள் முழுவதும் ராமு என்கிற ஒருவனைப் பற்றியே இருக்கின்றன. ராமு ரொக்கத்துடன் தொழில் தொடங்கினான். ராமு சோமுவுக்குக் கடனாகச் சரக்கு விற்றான். சோமு நொடித்துப் போனான். ராமு சொந்த உபயோகத்துக்குக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டான். இவ்வளவு நடந்தும் ராமுவுக்குப் புத்தி வரவில்லை, அடுத்த கணக்கிலும் சோமுவுக்கே விற்கிறான்.

பத்தில் நான்கு சரி.

ஜனவரி 21

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. இரண்டு பேருக்குப் பொன்னுக்குவீங்கி. பாடம் இல்லை.

ஜனவரி 27

இன்று பிடிபட்டது. வரவு, பற்று என்கிற வார்த்தைகளை நம் வழக்கத்தில் வைத்துப் பார்க்காமல், தராசின் இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு தட்டில் எதையாவது வைத்தால் மறு தட்டில் அதே எடைக்கு ஏதாவது வைத்தே ஆகவேண்டும். சும்மா ஒன்றும் வருவதில்லை, சும்மா ஒன்றும் போவதில்லை. எங்கிருந்து, யாரிடம் என்று எழுதித்தான் தீரவேண்டும். இதைத்தான் நானூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

பத்தில் ஒன்பது சரி. பெர்சிலாவுக்கு ஆறுதான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 5

ராமுவை விட்டுவிட்டு விடுதிக்கு வந்தேன். சிஸ்டர் அசுந்தா இரண்டு நோட்டுகள் வைத்திருக்கிறார். ஒன்று ரொக்கப் புத்தகம். இன்னொன்று உணவுப் பதிவேடு: அன்றன்று என்ன சமைத்தது, எவ்வளவு, என்ன விலை. இரண்டும் மணிமணியான கையெழுத்து. இரண்டையும் வைத்துக் குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு, அதிலிருந்து இருப்பாய்வு என்று போகவேண்டும்.

பிப்ரவரி 19

இருப்பாய்வு போட்டேன். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வரவேண்டும். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பக்கம் பற்றுப் பக்கம் பெருத்து நிற்கிறது. முதலில் கூட்டலைச் சந்தேகப்பட்டேன். மூன்று தடவை கூட்டினேன். பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன்.

பிப்ரவரி 20

புத்தகத்தில் வழி இருக்கிறது. ஒத்துவராத தொகையை அனாமத்துக் கணக்கு என்று ஒன்று திறந்து அதில் போட்டுவைக்கலாம். பிழையைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும்.

போட்டேன். கொஞ்சம் மூச்சு வந்தது. மதியம் மீன்குழம்பு, வியாழக்கிழமை என்பதால்.

பிப்ரவரி 24

ஒரு விஷயம் உறுத்துகிறது. மூன்று வருடமும் நஷ்டம் என்று மாகாணத்துக்குக் கணக்குப் போயிருக்கிறது. ஆனால் ரொக்கப் புத்தகத்தில் ஒரு மாதம்கூடக் கையிருப்பு குறையவில்லை. யாரிடமும் கடன் வாங்கவில்லை. நஷ்டப்பட்டவன் கல்லாவில் காசு எப்படி இருக்கும்? ராமுவுக்குக்கூட அப்படி நடந்ததில்லை.

பிப்ரவரி 26

சிஸ்டர் அசுந்தாவுக்குப் போன் செய்தேன். படுக்கையில் இருந்தாலும் குரல் கணீர் என்று இருக்கிறது.

"மாகாணத்துக்கு அனுப்புன கணக்குல சாப்பாட்டுச் செலவை எதுலருந்து எடுத்தீங்க சிஸ்டர்?"

"உணவுப் பதிவேட்டுலருந்துதான். ஒரு பிள்ளைக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு ஒரு கட்டம் இருக்கே, மூணு வருஷமா வாற புது ஃபார்ம்ல."

"அதுல வியாழக்கிழமை மீனும் இருக்கே. அதுக்கு ரொக்கப் புத்தகத்துல செலவே இல்லை."

"அது சும்மா வாற மீனுல்லா! யாரோ குடுத்துவிடுதாவ. ஆனா பிள்ளைக தின்னுச்சுல்ல? தின்னா செலவுதானே? சந்தை விலை போட்டு எழுதினேன்."

"வரவுல எழுதலையே?"

"காசு வந்தாத்தானே வரவு எழுத முடியும்? மீனுல்ல வந்துச்சு!"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டார், ஒரு பைசா தொடமாட்டார். பிள்ளைகள் தின்றதை எழுதினார், தந்தவரை எழுதவில்லை. ஒருவர் மனமுவந்து கொடுத்த மீன் மூன்று வருடமாக எங்களுக்கு நஷ்டமாகி, விடுதியை மூடும் அளவுக்கு வந்து நிற்கிறது.

பிப்ரவரி 28

சிஸ்டர் கொர்னேலியாவிடம் சொன்னேன். "நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். நான் பூரித்துப்போவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா தந்தவர் பேர், விலாசம், கையெழுத்து வேணும். யாரோ குடுத்தாங்கன்னு லட்ச ரூபாய்க்கு மேல வருமானம் காட்டினா ஆடிட்டர் ஒத்துக்கமாட்டார். நானும் ஒத்துக்கமாட்டேன். இனிமே ஒவ்வொரு வாரமும் எடை போட்டு எழுதுங்க."

நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

மார்ச் 5

சாம்பல் புதன். நோன்பு. ராமு தன் சரக்கில் கொஞ்சத்தை ஏழைகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறான். அதை எப்படிப் பதிவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. வாங்கிக்கொண்டவர்கள் எப்படிப் பதிவது என்று தேடினேன். இந்தப் புத்தகம் கொடுக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது.

மார்ச் 6

வியாழன். எடை போடுவதற்காகத் தராசோடு அடுப்படிக்குப் போனேன். அங்கே நான் போவது வழக்கமில்லை. தட்டில் துண்டாக வரும் மீனைத்தான் பார்த்திருக்கிறேன். ஐஸ் கம்பெனி வண்டி பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. சமையல் பார்க்கும் ரோசம்மாள் மூடியைத் திறந்தாள். ஊளி மீன், முழுசு முழுசாக. ஏழு கிலோ.

ஒவ்வொரு மீனின் வாலிலும் இரண்டு வெட்டு.

எடையை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கிரைண்டருக்குத் தேய்மானம் போட்டேன். பத்து சதவீதம்.

மார்ச் 7

தேய்மானத்தில் தவறு. திருத்தினேன்.

மார்ச் 10

திருத்தியதிலும் தவறு.

மார்ச் 13

இன்றும் ஊளி. இன்றும் இரண்டு வெட்டு. ரோசம்மாளிடம் கேட்டேன், யார் அனுப்புவது என்று.

"பேரச் சொன்னா மீனு நின்னுரும்னு சொல்லிருக்காவ சிஸ்டர். எங்கிட்ட கேக்காதீங்க."

"எத்தனை வருஷமா வருது?"

"அத வேணா சொல்லுதேன். ஏழு வருஷம். நீங்க இந்த மடத்துக்கு வந்த அந்த ஜூன் மாசத்துலருந்து."

சொல்லிவிட்டு அம்மியைக் கழுவ ஆரம்பித்தாள். அம்மி சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 16

எழுதிவிடுகிறேன். கரையில் எல்லா வள்ளத்து மீனையும் ஏலத்துக்குக் குவிக்கும்போது கலந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் ஊரில் ஆளுக்கொரு குறி வெட்டுவார்கள். ஒருவர் செவுளில், ஒருவர் முதுகுத் துடுப்பில். வாலில் இரண்டு வெட்டு என் அப்பாவின் குறி. அவருக்குப் பிறகு அது என் அண்ணன் கஸ்பாருக்கு வந்தது.

அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்து, பந்தல்கால் நட்டு, நகை எடுத்துவைத்த பிறகு நான் மடத்தில் சேர்ந்தேன். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் முன்பே சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கரையில் அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிந்து நின்றதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. "இனி ஒனக்கு இங்க வீடு இல்ல" என்றார். என் வார்த்தைப்பாட்டுக்கு வரவில்லை. முப்பத்தோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஊளி எனக்குப் பிடித்த மீன்.

ஏழு வருடம் அவர் கொடுத்ததைத் தின்றிருக்கிறேன், தெரியாமல். கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 19

பெர்சிலா புத்தகத்தை வாங்க வந்தாள். விடுதியை மூடுவது உண்மையா என்று கேட்டாள். மூடினால் அவளை வீட்டோடு நிறுத்திவிடுவார்களாம். தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு அனுப்ப அவள் அப்பாவுக்கு மனமில்லை. உண்மையா என்று கேட்ட குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

மார்ச் 23

ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் இன்றே தாழைத்துறைக்குப் போனேன்.

மதினிதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஏ சந்தனம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனமேரி என்பது ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர். அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது.

அண்ணன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சிஸ்டருக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்றார் மதினியிடம். பிறகு, "என்ன விஷயமா வந்திய?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"மீனுக்கு."

"எந்த மீனுக்கு?"

"வால்ல ரெண்டு வெட்டு வச்ச மீனுக்கு."

கை நின்றது. பிறகு மறுபடி ஊசி ஓடியது. நான் சொன்னேன், பாடத்தில் படித்தபடியே. வாங்கினவங்களை ஒரு பக்கம் எழுதினா குடுத்தவங்களை மறுபக்கம் எழுதணும். எழுதாததால் விடுதி நஷ்டம் என்று காட்டுகிறது. ஏப்ரலில் மூடிவிடுவார்கள்.

"குடுத்தா நஷ்டமா? எந்த மடையன் எழுதுன புஸ்தகம் அது?"

"புஸ்தகத்து மேல தப்பில்லை. பாதி மட்டும் எழுதினதுதான் தப்பு."

"எம்பேர எழுதினா ஊருக்குள்ள என்ன சொல்லுவான்? தங்கச்சிக்குக் குடுக்கான்னு சொல்லுவான். நான் பிள்ளைகளுக்குக் குடுக்கேன்."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னால அங்க பிள்ளைக இல்லையா?"

மதினி உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. "ஜூன்ல என்னை மாத்திருவாங்க. ஏழு வருஷம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறமும் பிள்ளைக அங்கதான் இருக்கும்."

வலையை மடியிலிருந்து இறக்கினார். காகிதத்தை வாங்கி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அப்பாவும் அப்படித்தான் வாசிப்பார்.

"இதுக்கு ரசீது குடுப்பியளோ?"

"குடுப்போம்."

"யாரு கையெழுத்துப் போடுவா?"

"நான்தான். சிஸ்டர் பெனடிக்டா."

"அந்தப் பேருல எனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என் கையில் தராமல் திண்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கர்ச்சீப் நீட்டினாள்.

மார்ச் 27

வியாழன். வண்டி வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா" என்று ரோசம்மாள் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டை. வாய்க்கு ருசியில்லை என்று எட்டாம் வகுப்புக்காரிகள் முணுமுணுத்தார்கள். மீன் நின்றுபோனால் அடுத்த வருடம் அத்தனையையும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அப்போது நஷ்டம் காகிதத்தில் மட்டும் இருக்காது. ஒரு காகிதத்துக்காக உள்ளதையும் கெடுத்துவிட்டேனோ?

மார்ச் 31

ஆண்டு முடிவு. அனாமத்துக் கணக்கைப் பற்று செய்து, நன்கொடைக் கணக்கை வரவு செய்து முடித்தேன். கீழே விளக்கம் எழுதவேண்டும்: தாழைத்துறை திரு. கஸ்பார் வழங்கிய மீனுக்காக. இரண்டு பக்கமும் சமம். நான்காயிரத்துச் சொச்சம் உபரி. தேய்மானம் போக.

இதற்காக மூன்று மாதம் ஆசைப்பட்டேன். சமமாக வந்ததும் பேனாவை மூடிவிட்டு, புதிதாகப் பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைக்கு எண்ணெய் தடவப் போனேன்.

ஏப்ரல் 3

வண்டி வந்தது. எட்டு கிலோ. போன வாரம் கடல் அடியாம், அலை கொந்தளிப்பில் யாருமே போகவில்லையாம். ரோசம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் மீன் உரித்தாள். அவளுக்கு மிளகாய் அரைத்துக் கொடுத்தேன், என் வேலை இல்லை என்றாலும்.

ரசீது எழுதி வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்து: சிஸ்டர் பெனடிக்டா. விதி அது. என்னால் மாற்ற முடியாது.

ஏப்ரல் 26

கூட்டம் முடிந்தது. சிஸ்டர் கொர்னேலியா போனில், "விடுதி நடக்கும் சிஸ்டர். மூணு வருஷம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார். பிறகு, "தந்தவர் ஒருத்தர்தான்னு போட்டிருக்கீங்க. அவர் நிறுத்திட்டா?" என்றார்.

தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்த வயதில்தான் வருகிறது.

பெர்சிலாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்தாள், பிறகு பயந்துபோய் விலகினாள். நானே மறுபடி பிடித்துக்கொண்டேன்.

மே 9

பெர்சிலாவுக்கு இன்று அந்தப் பரீட்சை. புத்தகத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் மிளகாய்க் கறை.

மே 28

மாற்றல் உத்தரவு. தர்மபுரிப் பக்கம் ஒரு மடம். மருந்து அறை, கூடவே கணக்கு. கடல் எந்தத் திசையில் என்று கேட்டால் அங்கே கையை நீட்டிக் காட்ட ஆள் இருக்காது.

ஜூன் 7

வந்து சேர்ந்தேன். மாமரம் இருக்கிறது. மீன் இல்லை, கோழிதான். இங்கும் கணக்கு ஒற்றைப் பதிவில் கிடக்கிறது.

ஜூன் 19

வியாழன். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மணிக்கு ரோசம்மாள் போன் செய்தாள்.

"சிஸ்டர், மீனு வந்துச்சு. ஒம்பது கிலோ. நீங்க போனப்புறம் இது ரெண்டாவது வாரம். போன வாரமே சொல்லலாம்னு பாத்தேன், ஒரு வாரத்த வச்சு நம்பக் கூடாதுன்னு இருந்தேன்."

வால் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எப்பவும்போலத்தான். ரெண்டு வெட்டு."

ஜூன் 24

வாட்ச்மேன் ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வந்த பார்சல், சாக்கில் தைத்து, மூலையெல்லாம் உப்புப் பூத்து, வராந்தா முழுக்க வாடை.

"சந்தனமேரின்னு போட்டிருக்கு சிஸ்டர். இந்த மடத்துல அப்படி யாரும் இல்லைன்னு திருப்பி அனுப்பப் பார்த்தேன். எதுக்கும் ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டுடலாம்னு வந்தேன்."

"இருக்கா" என்றேன். "கொடுங்க."

பச்சை மீன் இவ்வளவு தூரம் தாங்காது என்று அவருக்குத் தெரியாதா. ஊளிக் கருவாடு. வாலில் இரண்டு வெட்டு, காய்ந்து சுருங்கியும் தெரிந்தது. கடிதம் எதுவும் இல்லை.

தராசு வாங்கிவந்து எடை போட்டேன். மடத்துக்கு வரும் பொருள் எதுவானாலும் நன்கொடைப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று போன வாரம்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தேன். பொருள்: கருவாடு. எடை: இரண்டு கிலோ. தந்தவர்: கஸ்பார், தாழைத்துறை. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சந்தனமேரி என்று எழுதினேன். தந்தவருக்கு என்ன உறவு என்று எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் இருந்தது. அண்ணன் என்று எழுதினேன்.